முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கான ஆயில்

என் வண்டிக்கு என்ன ஆயில் ஊற்ற வேண்டும் என்பது இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆபீஸில் எதிர் மேஜைக்காரர் ஒரு டப்பாவின் பெயரைச் சொன்னார். கீழ்வீட்டு ரிட்டயர்ட் ஹவில்தார் அதெல்லாம் குப்பை, லாரிக்கு ஊற்றுவதை வாங்கு என்றார். என் கணவரின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளினான், ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. வண்டியில் உட்காரப் போகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கணும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி என்றால் ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் சேர்த்துக் கட்டியது. எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடைவரைக்கும் காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். வீடு கட்கியில், மும்பை போகிற ரோட்டில் ஒரு மராத்தி ஊர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், நான் பிறந்ததே இங்கேதான். வேலை தேஹு ரோடு ராணுவ டெப்போவில், கிளார்க். தினமும் தாபோடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், நிகடி என்று அந்த நீளமான ரோடு முழுக்கப் போய் வர வேண்டும். லோக்கல் ரயில்தான் இருக்கே என்பார்கள். ரயில் இருக்கிறது, பிளாட்பாரம் மாற ஏற வேண்டிய பாலத்துப் படிகளும் இருக்கின்றன. ஷேர் ஆட்டோவில் ஏறினால் உள்ளே இருக்கிற ஆம்பளை ஒருவர் அரிசி மூட்டையை இழுப்பதுபோல் என் கையைப் பிடித்து இழுப்பார். உதவிதான் செய்கிறார், தெரியும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அந்த ஸ்கூட்டர் வந்த பிறகுதான் நான் வீட்டைவிட்டு யார் தோளையும் பிடிக்காமல் வெளியே போனேன். வழியில் நிறுத்தி வடாபாவ் வாங்குவேன். மனசு சரியில்லை என்றால் நிகடியில் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். எங்கே போனாய், ஏன் லேட் என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. கடைசியில் ஏற்றத்தில் இழுக்காமல், ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினாலும் கிளம்பாமல், ஒருநாள் பிம்ப்ரி சிக்னலில் படுத்துவிட்டது.

புதுசு வாங்கிவிடலாமே என்றார்கள். பார்க்காமலா இருப்பேன்? இப்போது வருகிற வண்டிகளின் சீட் எனக்கு உயரம், வலது கால் தரையில் முழுசாகப் படாது. பழைய வண்டியில் அந்தச் சின்னச் சக்கரங்களின் சட்டத்தை என் காலை அளந்து, என்னை உட்காரவைத்து உட்காரவைத்துப் பார்த்து வெல்டிங் செய்திருந்தார் தாபோடி மெக்கானிக். அது வேறு மாடலில் பொருந்தாது. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பது ஒன்றுதான் வழி.

மெக்கானிக் மராத்திக்காரர். என்னைத் 'தாயீ' என்பார். அவர்கள் மொழியில் அக்கா. என் வயசுதான் அவருக்கும். வண்டியைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனும் புது ரிங்குகளும் போட்டார். மூடும்போது ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "சாதா மினரல் ஆயில். விலை கம்மியா இருக்கிறதே போதும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு வேற எதையும் ஊத்தாதீங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனவர் என் கணவர். திரும்பி வந்தபோது கையில் தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு டப்பா. முழு சிந்தெடிக். ரேஸ் பைக் படமெல்லாம் போட்டிருந்தது.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர், போசரியில் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறார். நாள் முழுக்க சிலிண்டருக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை. அங்கே ஆயிலில் ஒரு துளி தூசி இருக்கக் கூடாது, உராய்வு என்பதே இருக்கக் கூடாது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு என் ஸ்கூட்டருக்கு வந்துவிட்டார்.

"சீட்டுல மினரல்னுதானே எழுதியிருக்கு?" என்றேன்.

"அது சும்மா எல்லாருக்கும் எழுதறதுங்கண்ணு. புது பிஸ்டன் போட்டிருக்குது. அதுக்குப் போயி மட்டமான ஆயில ஊத்தறதா? உராய்வு இருந்தா தேயும். தேஞ்சா போச்சு."

"மெக்கானிக்குக்குத் தெரியாதா?"

"நான் இருபது வருஷமா சிலிண்டர் பாக்கறேன் அம்மணி."

நான் பார்ப்பது ஃபைல்.

மெக்கானிக் டப்பாவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். வேண்டாம் சாஹேப், இது ரொம்ப வழுக்கும், ரிங் உட்காராது என்றார். என் கணவர் விடவில்லை. புது வண்டிக்கே ஃபேக்டரியிலிருந்து சிந்தெடிக் ஊற்றித்தான் அனுப்புகிறார்கள் என்றார். ஃபேக்டரியில் சிலிண்டரைக் கடைவது வேறு, என் கையால் கடைவது வேறு என்றார் மெக்கானிக். இப்படியே கால் மணி நேரம். நான் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி சாஹேப். உங்க வண்டி, உங்க ஆயில்" என்று ஊற்றிவிட்டார்.

உங்க வண்டியாம். என் பெயரில் இருக்கிற வண்டி, என் காலுக்கு அளவெடுத்த வண்டி. அங்கேயே கத்தியிருக்கணும். கத்தவில்லை. எனக்காகத்தானே இவ்வளவு உசத்தியானதை வாங்கி வந்திருக்கிறார், நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்காக என்னையே நான் எத்தனை தடவை திட்டிக்கொண்டேன் என்று கணக்கே கிடையாது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பார்களே, அந்த மாதிரி அவர் வண்டிக்குப் பத்தியம் பார்க்க ஆரம்பித்தார். காலையில் நான் குளித்து முடிப்பதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். இன்ஜின் சூடாகணுமாம். ரோட்டில் முப்பதைத் தாண்டக் கூடாது. சாய்வான இடத்தில் முறுக்கக் கூடாது. என் டிபன் பை, தண்ணி பாட்டில், ரெயின்கோட் எல்லாவற்றையும் வண்டியிலிருந்து எடுத்துத் தன் பைக்கில் வைத்துக்கொண்டார், பாரம் ஆகாதாம்!

"ஏங்க, அப்ப நான்? நான் பாரமில்லையா?"

"உன்னை எறக்கி வைக்க முடியுங்களா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பதில் அந்த ரோட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். டெம்போக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், தள்ளிட்டுப் போறீங்களா ஓட்டிட்டுப் போறீங்களா?" என்பான். பதினைந்து வருஷமாக ஐம்பதில் ஜம்மென்று போனவள், ரோட்டோரமாகக் காய்கறி வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனேன். டெப்போவுக்கு தினமும் லேட்.

மூன்றாவது வாரம் சிஞ்ச்வட் சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் என் தோளைத் தட்டிப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் நீலமாகப் புகை. சாம்பிராணி போட்ட மாதிரி என் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பச்சை விழுந்ததும் முறுக்கினேன், இன்னும் கொஞ்சம் வந்தது. டெப்போ வாசலில் செக்யூரிட்டி, மேடம் இதைத் தள்ளி நிறுத்துங்கள் என்று மரத்தடியைக் காட்டினார். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு அளவுக்குச்சி இருக்கும். அதை இழுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் ஈரம். அவ்வளவு உசத்தியான ஆயிலும் எரிந்து சைலன்சர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. மூடி சரியாகப் போடவில்லையோ என்றார். அப்புறம் அதே டப்பாவிலிருந்து மேலே கொஞ்சம் ஊற்றினார். இரண்டு நாளில் அதுவும் போயிற்று. மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் புகை. முறுக்காமல் ஓட்டினாயா, முப்பதில் போனாயா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். அன்றைக்கு நான் வெடித்துவிட்டேன்.

"இருபத்தஞ்சுலதாங்க போனேன்! ஆமை மாதிரி போனேன்! ரோட்ல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் பேச்சு வாங்கிக்கிட்டுப் போனேன்! இன்னும் என்ன பண்ணணும், தோள்ல தூக்கிட்டுப் போகணுமா?"

அவர் டப்பாவை மூடி வைத்தார். மறுநாளிலிருந்து வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, தன் பைக்கில் என்னைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். போசரி எங்கே, தேஹு ரோடு எங்கே. காலையில் என்னை இறக்கிவிட்டுத் தலைதெறிக்க ஓடுவார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஒரு மணி நேரம் டெப்போ வாசலில் காத்திருப்பேன். நினைத்த நேரத்துக்குக் கிளம்ப என் வண்டி இல்லாமல், ஸ்கூல் விட்ட பிள்ளை மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வழியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்தான். ஆனால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாக வண்டியை டெம்போவில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக எண்ணெய் சொட்டியது. சிலிண்டரைப் பிரித்து என் கணவர் கையில் கொடுத்தார். என் கணவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார், எங்கேயும் பிடிக்கவில்லை. அவர் ஆபீஸில் இப்படி ஒரு சிலிண்டர் வந்திருந்தால் பாஸ் போட்டுக் கையெழுத்து வைத்திருப்பார்.

"கடைஞ்சு விட்டப்ப உள்ள குறுக்கும் நெடுக்குமா கோடு கோடா விட்டிருந்தேன்" என்றார் மெக்கானிக். "அந்தக் கோட்டுல ரிங் உரசணும். உரசி உரசித்தான் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். பொருந்தினாத்தான் ஆயில் மேல ஏறாது. நீங்க உரசவே விடல. வழுக்குற ஆயிலும் ஊத்தி, பாரமும் ஏத்தாம, நின்ன எடத்துல ஓடவும் விட்டா, கோட்டு மேல எண்ணெய் தீஞ்சு ஒரு பூச்சு படிஞ்சிடும். ரிங் சும்மா சறுக்கிக்கிட்டே இருக்கும்."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "தாயீ, பூச்சை எடுத்துட்டு வேற ரிங் போடறேன். ஆனா இதோட சரி. இதுக்கு மேல கடைய இந்தச் சுவர்ல கனம் இல்ல. வேற சிலிண்டரும் எங்கயும் கிடைக்கல. இந்தத் தடவை போச்சுன்னா வண்டி போச்சு."

என் கணவர் சிலிண்டரை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் நான் வாங்கறேன்" என்றேன். காலிபரைப் பூட்டிக்கொண்டு எழுந்து, எதிர்க் கடைக்கு நானே நடந்துபோய், சாதா மினரல் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வந்தேன். மங்கலான பிளாஸ்டிக் டப்பா, ரேஸ் பைக் படம் எதுவும் இல்லை. என் கையாலேயே ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது. சிந்தட்டும்.

மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான். ஸ்டார்ட் செய்ததும் கிளம்பு. ஒரே வேகத்தில் போகாதே. ஏற்றமாகப் பார்த்து ஏற்று, முறுக்கு, விடு, மறுபடி முறுக்கு. முதல் நாளே நல்ல பாரம் இருக்கட்டும்.

"நாளைக்கு நான் ஓட்டிப் பதமாக்கிக் குடுத்தர்றேன்" என்றார் என் கணவர்.

"வேண்டாம். நீங்க பாரம்."

புரியாமல் பார்த்தார்.

"பின்னாடி உக்காருங்க. எழுபத்தெட்டு கிலோ இருக்கீங்க இல்ல? அதுதான் பாரம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய மும்பை ரோட்டில் ஷேலார்வாடிப் பக்கம் ஒரு ஏற்றம் இருக்கிறது. அங்கே போனோம். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷத்தில் இந்த வண்டியில் அவர் என் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது. எங்கே பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. சீட்டின் பின்கம்பியை ஒரு கையால் பிடித்தார், இன்னொரு கையை என் தோளில் வைத்தார், எடுத்தார், கடைசியில் இடுப்பில் வைத்தார்.

முறுக்கினேன். வண்டி உறுமியது. பாதி ஏற்றத்தில் மூச்சுத் திணறுவதுபோல் தடுமாறியது. பக்கத்தில் ஒரு பெரிய டிரெய்லர் லாரி காற்றை அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"இழுக்கலைங்கண்ணு, நான் எறங்கிக்கறேன்" என்றார்.

"உக்காருங்க. இழுக்கும்."

"வேண்டாம், சொன்னாக் கேளு..."

"உக்காருங்கன்னா!"

இழுத்தது. மேலே ஏறி ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி சைலன்சர் பக்கம் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் வருது. முன்ன மாதிரி இல்ல" என்றார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"அன்னைக்குப் புகை வந்து வண்டி நின்னுச்சல்ல. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

"என்னது?"

"இந்த ரோட்டுல நீ ஒருத்தியா இந்த லாரிக்கெல்லாம் நடுவுல போறத நெனச்சா, காலைல பத்து மணி ஆகற வரைக்கும் எனக்கு வேலையே ஓடாது. எத்தனை வருஷமா. உங்கிட்டச் சொன்னா கத்துவே. வண்டி நின்னப்ப, சரி, நானே கொண்டுபோயி விட்டுக்கலாம்னு இருந்துச்சு."

"அதுக்குத்தான் அந்த ஆயிலா?"

"இல்ல. சத்தியமா இல்ல. நல்லதுன்னுதான் வாங்கினேன்." குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அந்த மனுஷன் வேண்டாம் வேண்டாம்னாரு. நான் ஏன் கேக்கலைன்னுதான் எனக்கே தெரியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வண்டியைப் பார்த்துப் பார்த்துப் பாழாக்கிவிட்டு, டெப்போ வாசலில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இந்த மனுஷன் நிம்மதிப்பட்டிருக்கிறார். கூடவே அழுகையும் வந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"உங்க பயத்துக்கு நான் வீட்ல உக்காரணுமா? பயம் இருந்தா வச்சுக்கங்க. யார் வேண்டாம்னா? அதைக் கொண்டுவந்து என் இன்ஜின்ல ஊத்தாதீங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

"ஏறுங்க. இன்னும் நாலு தரம் ஏத்தணும்."

ஏறினார். நாலு இல்லை, ஆறு தரம் ஏற்றினோம். முறுக்கும்போதெல்லாம் என் இடுப்பில் இருந்த அவர் கை இறுகியது. நான் கையை எடுக்கச் சொல்லவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். அவர் வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டார். டெப்போவில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, அளவுக்குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் நிறம் மங்கியிருந்தது. அளவு மேல்கோட்டிலேயே நின்றது.

போனை எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். "வந்துட்டேன்." பதினைந்து வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட அனுப்பத் தோன்றியதில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் நீல டிக் விழுந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார், பைத்தியக்கார மனுஷன்.